புக்கிட் தீமாவின் பழைய தீயணைப்பு நிலையம்

சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமா சாலையோரம் 1956இல் கட்டிய தீயணைப்பு நிலையம் ஒன்று இருக்கு. 2005இல் மூடிட்டாங்க, ஆனா இடிக்கல. பக்கத்தில் போன மலாயா ரயில் பாதையும் 2011இல் நின்னுபோச்சு. அந்த 24 கிலோமீட்டர் இப்போ பசுமை நடைபாதை. அதற்கு நுழைவாயிலாகவும் மக்கள் கூடும் இடமாகவும் இந்த நிலையத்தை மாற்ற அரசு திட்டமிட்டது.

இதுக்கு ஏன் தீயணைப்பு நிலையம் பொருந்துது? வண்டி நிற்கும் கூடம் விசாலமானது, பெரிய கதவுகள் தெருவைப் பார்த்தே திறக்கும். நாற்காலி போட்டால் அதுவே கூட்ட அரங்கு.

பழைய நிலையங்கள் பலவற்றில் ஒரு கோபுரமும் உண்டு. கான்வாஸ் குழாயை ஈரத்தோடு சுருட்டினா மக்கிப்போகும். அதனால் கோபுரத்தில் தொங்கவிட்டுக் காயவைப்பாங்க. செயற்கை இழைக் குழாய் வந்ததும் அந்தத் தேவை போச்சு. புதுப்பிக்கிறவங்களுக்கு முதலில் இடிக்கத் தோன்றுவதும் அதைத்தான். அது போனால் மிஞ்சுவது வெறும் கொட்டகை.

புக்கிட் தீமாவில் ஊழியர் குடியிருப்பும் உண்டு. மணி அடித்ததும் ஓடிவரணும் இல்லையா? ஆக, சமூகக்கூடம் ஆவதற்கு முன்பே அங்கே ஒரு சின்னச் சமூகம் வாழ்ந்திருக்கு. கூடத்தோடு சேர்த்து அந்த வீடுகளையும் காப்பாற்றினால்தான் கதை முழுசா நிற்கும்.