சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் நடுவே சென்சார்

பருத்தித் துணிக்குச் சாயமேற்ற 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூடு போதும். பாலியஸ்டருக்குப் போதாது. 130 டிகிரி வாக்கில்தான் இழை நன்கு தளர்ந்து சாயம் உள்ளே இறங்கும். திறந்த தொட்டியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் இந்த வேலை, மூடி இறுக்கிய சாஃப்ட்-ஃப்ளோ இயந்திரத்துக்குள் நடக்கிறது. 130 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1.7 பார் கூடுதல். சூடும் அழுத்தமும் தணியும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. தணிந்துவிட்டதா என்று சொல்வதும் சென்சார்தான்.

சூட்டை அளப்பது பெரும்பாலும் பிடி-100 என்ற சென்சார். இதிலுள்ள பிளாட்டினத்தின் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 130 டிகிரியில் சுமார் 149.8 ஓம். அமிலமும் காரமும் உப்பும் மாறி மாறி வரும் சாயநீரில் மெல்லிய பிளாட்டினக் கம்பி வெறுமனே நிற்காது. எவர்சில்வர் உறைக்குள் அதை வைத்து, இடைவெளியில் மக்னீசியம் ஆக்சைடு தூளை அடைக்கிறார்கள். தூள் மின்சாரத்தைத் தடுக்கும், சூட்டைக் கடத்தும். ஆனால் உறை தடிக்கத் தடிக்க அளவு தாமதமாக வரும். சாயமேற்றும்போது நிமிடத்துக்கு ஓரிரு டிகிரிதான் ஏற்றுவதால் சில நொடித் தாமதம் பாதகமில்லை.

பாய்லரில் உத்தி வேறு. பிரஷர் கேஜுக்கு முன்னால் சுருள் வளைவுள்ள சைஃபன் குழாய் இருக்கும். அதில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கி நிற்கும். அழுத்தம் தண்ணீர் வழியே கேஜை எட்டும். கொதிக்கும் ஆவி எட்டாது.

சென்சாரைச் சூட்டிலிருந்து இப்படி விலக்கி வைப்பது என்ஜின்களில் எப்போதும் உதவாது. இஸ்ரோ மகேந்திரகிரியில் சோதிக்கும் சிஇ-20 ராக்கெட் என்ஜினின் எரிகலன் அழுத்தம் சுமார் 60 பார். இத்தகைய எரிகலனின் சராசரி அழுத்தத்தை நீண்ட குழாய் வழியே அளக்கலாம். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் அழுத்தமோ குழாயிலேயே மங்கிவிடும். அதைப் பிடிக்கும் சென்சார் எரிகலனின் சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். அதற்குக் குளிர்நீர் ஓட்டம் தேவைப்படும், அல்லது அழுத்தத்தை மின் சமிக்ஞையாக மாற்றும், சூடு தாங்கும் படிகம் வேண்டும்.

படிகம் தாங்கினாலும், அதன் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் சாதாரண சிலிக்கான் சுற்று 200 டிகிரிக்கு மேல் தள்ளாடும். இதற்கு மாற்று சிலிக்கான் கார்பைடு. வெள்ளிக் கோளின் தரையைப் போல 460 டிகிரி சூடும் 90 பாருக்கு மேற்பட்ட அழுத்தமும் உள்ள கலத்தில், இவ்வகைச் சில்லுகள் 521 மணி நேரம் இயங்கியதாக நாசா 2017-இல் அறிவித்தது. இத்தகைய சில்லுகள் ஜெட் என்ஜினுக்கு வந்தால், சென்சாரின் சுற்றும் சூடான பகுதிக்குள்ளேயே இருக்க முடியும். நீண்ட கம்பிகளும் குளிரூட்டும் அமைப்பும் குறையும்.