54 பேர் வராவிட்டால்..!

கேன்டீன் சாம்பாரைத் திட்டாத ஆபீஸ்காரர் யாராவது உண்டா? இன்க்ரிமென்ட் வராத கோபம், மானேஜர் மேல் இருக்கிற கடுப்பு, காலையில் பஸ்ஸில் மிதி வாங்கிய எரிச்சல்... எல்லாவற்றுக்கும் வடிகால் அந்த சாம்பார்தான். 'பருப்பைக் கண்டுபிடிக்க சி.பி.ஐ. வரணும் போலிருக்கே!' என்று ஒரு கமென்ட் அடித்துவிட்டு, இரண்டாவது கரண்டியும் கேட்டு வாங்கிக்கொண்டு போவோம். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் பதிலுக்குச் சிரிப்பார். சிரிக்கும்போதே அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கணக்கை ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பி.காம். படிக்கும்போது என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்த நண்பன், சென்னை ராஜீவ் காந்தி சாலையில் (நமக்கு அது எப்போதும் ஓ.எம்.ஆர்.தான்!) ஓர் ஆபீஸ் கட்டடத்தில் கேன்டீன் நடத்துகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண காண்ட்ராக்ட். "ஒரு வாரம் என்கூட இருந்து பாரு மச்சான். அப்புறம் சாம்பாரைப் பத்தி என்ன வேணா எழுது" என்றான். இருந்து பார்த்தேன். அதற்கப்புறம் சாம்பாரைக் குறை சொல்ல நாக்கு வரவில்லை.

இந்தத் தொழிலில் சமையல் பெரிய விஷயம் இல்லை ஸார். அதற்கு மாஸ்டர் இருக்கிறார். மன்னார்குடிப் பக்கம். உப்பு பார்க்கக்கூட நாக்கில் வைக்க மாட்டார், வாசனை பிடித்தே சொல்லிவிடுவார். பெரிய விஷயம் ஒரே ஒரு கேள்விதான்: 'நாளைக்கு எத்தனை பேர்?'

இன்றே நாளைய இட்லி

நாளைக் காலை 7.30-க்கு நீங்கள் சாப்பிடப் போகிற இட்லி, இன்று மத்தியானமே தீர்மானமாகிவிடுகிறது. காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு, 3 மணிக்கு கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்க மாவு புளிக்கும். விடியற்காலை 4 மணிக்கு முதல் ஈடு. நடுவில் யாராவது போன் பண்ணி, 'நாளைக்கு நாங்க வீட்டிலிருந்தே வேலை' என்றால் மாவைத் திரும்ப அரிசியாக்கவா முடியும்?

நண்பனின் நாள் 3.30-க்கு கோயம்பேட்டில் தொடங்குகிறது. மார்க்கெட்டில் அவன் காய்கறியை அதிகம் பார்ப்பதில்லை. விலை போர்டைத்தான் பார்க்கிறான். அவனுக்குத் தினமும் 25 கிலோ தக்காளி தேவை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் நானும் வீட்டில் ரசத்துக்குப் புளியை ஜாஸ்தியாகக் கரைத்துச் சமாளித்தோம். இவனால் முடியாது. சாப்பாட்டு விலை காண்ட்ராக்டில் எழுதியாகிவிட்டது. 20 ரூபாய் தக்காளி 100 ஆனால், ஒரே நாளில் 2,000 ரூபாய் கூடுதல் செலவு.

"அதுக்குன்னு ரசத்தை நிறுத்த முடியுமாடா? ரசம் இல்லைன்னா ஹெச்.ஆருக்கு மெயில் போயிடும்!"

ஒரு சின்னக் கணக்கு

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கணக்கு என்றால் அலர்ஜி உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வரவும்.

ஒரு சாப்பாடு, வரி நீங்கலாக 80 ரூபாய். ஊழியர் 30 ரூபாய் கொடுப்பார். கவுன்ட்டரில் இருக்கிற பெட்டி 'முப்பது ரூபாய் பெறப்பட்டது' என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். மீதி 50 ரூபாயை, கம்பெனி மாசக் கடைசியில் பில்லைப் பார்த்துக் கொடுக்கும். (அந்தப் பெட்டி மட்டும் கத்தாது.)

தினமும் 600 சாப்பாடு. 600 பேரும் வந்தால் வரவு 48,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு மளிகை, காய்கறி, பால் 55. ஆள் கூலி 18. காஸ், கரண்ட் 8. வேன், வாடகை, பேப்பர், துடைப்பம் என்று இதர செலவு 10. ஆக 91. 600 பேருக்குச் சமைக்க ஆகிற செலவு 43,680. நின்றது 4,320 ரூபாய். பரவாயில்லையே என்கிறீர்களா?

இப்போது 600-ல் 54 பேர் வரவில்லை என்று வையுங்கள். வரவு 43,680. செலவும் அதே 43,680. அன்றைக்கு 3.30 மணி கோயம்பேடு, 4 மணி அடுப்பு எல்லாமே இலவச சேவை! 55-வது ஆளும் வரவில்லை என்றால் நண்பன் தன் கைக்காசைப் போட்டு நமக்குச் சோறு போடுகிறான்.

கல்லூரியில் அக்கவுன்டன்சி வாத்தியார் தலையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தார்: 'க்ளோசிங் ஸ்டாக்கை, வாங்கின விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அந்த விலையில் எழுது.' மத்தியானம் 3 மணிக்கு மிஞ்சின சாம்பாருக்கு சந்தை விலை என்ன? பூஜ்யம். துணிக்கடையில் விற்காத சட்டையை ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். சாம்பாருக்கு ஏது ஆடி?

எடுத்து வைத்து ராத்திரிக்கு சூடு பண்ணலாமே என்று கேட்டேன். நண்பன் முறைத்தான். சமைத்த உணவு சூடாக இருக்க வேண்டுமென்றால் 60 டிகிரி செல்ஷியஸுக்கு மேல். குளிர்ச்சி என்றால் 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் இருப்பதெல்லாம் கிருமிகளின் விருந்து. அதிலும் சோறு மோசமான பேர்வழி. பாசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துக்கள் கொதிக்கிற உலையிலும் சாகாது. சோறு அண்டாவிலேயே மெதுவாக ஆறும்போது முளைத்து, நஞ்சைக் கக்கும். அதில் ஒரு வகை நஞ்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது. பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிற பாட்டியின் பானை வேறு, 600 பேர் அண்டா வேறு.

"ஒருத்தருக்கு வயித்தால போச்சுன்னா என் 14 நம்பர் லைசென்ஸ் போச்சு" என்றான். சுவரில் மாட்டியிருந்த உணவுப் பாதுகாப்பு லைசென்ஸில் எண்ணிப் பார்த்தேன். சரியாக 14 இலக்கம்.

பார்க்கிங் ஜோசியம்

இத்தனைக்கும் நடுவில் மாஸ்டர் ஒரு வித்தை வைத்திருக்கிறார். காலை 10 மணிக்கு பேஸ்மென்ட் வாட்ச்மேனுக்கு ஒரு டீ அனுப்புவார். டீயோடு போன பையன் ஒரு நம்பரோடு திரும்புவான், பார்க்கிங்கில் எத்தனை பைக் என்று. 10.30 மணி டீயில் எத்தனை கப் போச்சு என்று இன்னொரு நம்பர். இரண்டையும் மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்து, "மொதலாளி, இன்னிக்கு 560தான். ரெண்டாவது உலையைக் கொறைச்சிடறேன்" என்பார். எழுபது கிலோ அரிசியையும் அவர் ஒரே தடவையில் போடுவதில்லை. முதல் உலை 45 கிலோ. மீதி, 12.40-க்கு கியூவைப் பார்த்த பிறகு.

நண்பனின் நோட்டில் வேறு விதிகளும் இருக்கின்றன. 1-ம் தேதி சம்பளம் வந்ததும் கேன்டீன் காத்தாடும். வாசலில் ஸ்விக்கி, ஜொமேட்டோ பைக்குகள் நிற்கும். 20-ம் தேதிக்கு மேல் ஹவுஸ்ஃபுல். வெள்ளிக்கிழமை பாதி ஆபீஸ் வீட்டிலிருந்து வேலை. மழை எச்சரிக்கை வந்தால்... அன்றைக்கு நண்பனின் வீட்டில் யாரும் அவனோடு பேச மாட்டார்கள்.

நான் போன வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை 11.20. போன். "ஸார், இன்னிக்கு எங்க டீம் லஞ்ச். 70 பேர் வெளியே போறோம்."

"சரிங்க மேடம், என்ஜாய் பண்ணுங்க" என்றான். போனை வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தான். சாம்பார் இறக்கியாகிவிட்டது. பொரியல் தாளித்தாகிவிட்டது. இரண்டாவது உலையில் மட்டும் 8 கிலோ அரிசியைக் குறைக்க முடிந்தது. 480 ரூபாய் தப்பியது. அப்படியும் அன்றைக்கு 800 ரூபாய் நஷ்டம். மீந்ததைச் சூடு ஆறுவதற்கு முன்பே பாத்திரத்தில் அடைத்து, பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினான். கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' மாதிரி அமைப்புகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் நேரத்தில் சொன்னால்தான் எடுக்க முடியும்.

சொல்லாமல் வருகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை நேர் எதிர். கேன்டீனில் சொன்னவர்கள் வர மாட்டார்கள். கல்யாணத்தில் சொல்லாதவர்களும் வருவார்கள்! பெண் வீட்டார் '500 இலை போதும்' என்பார்கள். மூன்றாவது பந்தி முடியும்போது வாசலில் இன்னொரு வேன் வந்து நிற்கும். இதற்காகவே மாஸ்டர் வேனில் எப்போதும் 10 கிலோ ரவை வைத்திருக்கிறார். 20 நிமிஷத்தில் கிச்சடி ரெடி. 'மெனுவிலேயே இல்லாத ஐட்டம், பிரமாதம்!' என்று மாப்பிள்ளையின் மாமா பாராட்டிவிட்டுப் போனார்.

கல்யாணத்தில் கிடைக்கிற லாபம்தான் கேன்டீனின் ஓட்டையை அடைக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஆடியில் எல்லாவற்றுக்கும் தள்ளுபடி உண்டு, 22 பேர் சம்பளத்துக்கு மட்டும் கிடையாது.

இன்னொரு ஓட்டை, பாக்கி. சிறு தொழில் நடத்துகிறவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ம் வருஷத்துச் சட்டம். 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு கொக்கி போட்டார்கள்: கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். இருந்தும் பில் 60 நாள், 70 நாள் என்று மேஜை மேஜையாகச் சுற்றுகிறது. 19 கிலோ சிலிண்டர்காரர் அறுபது நாள் பொறுப்பாரா? அந்த சிலிண்டருக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வேறு. சாப்பாட்டுக்கு 5 சதவிகிதம் வரி போடுகிற கேன்டீன்காரர், கட்டின அந்த 18-ஐக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது, 600 என்கிற நம்பர் ஒரே நாளில் பூஜ்யமானது. காண்ட்ராக்டில், 'சாப்பிட்ட தட்டுக்குத்தான் காசு' என்று இருந்தது. குறைந்தபட்சம் இத்தனை தட்டுக்குப் பணம் என்கிற மினிமம் கியாரண்டி கிடையாது. ஒடிசா பையன்கள் நாலு பேர் மே மாசம் ஷ்ராமிக் ரயிலில் ஊருக்குப் போனார்கள். நண்பன் மனைவியின் வளையல்கள் பாங்குக்குப் போயின. மாஸ்டர் மட்டும் போகவில்லை. வீட்டு வாசலில் இட்லி மாவு பாக்கெட் போட்டு இருவரும் பிழைத்தார்கள். ஆபீஸ் திறந்த பிறகு புது காண்ட்ராக்டில் மினிமம் கியாரண்டி கேட்டான். 'பார்க்கலாம்' என்றார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் கேன்டீன் வைக்க வகை செய்தது. 2020-ல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு அதை 100 ஆகக் குறைத்தது. சட்டம் கேன்டீனைக் கட்டாயமாக்கலாம். சாப்பிட வருகிறவன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதுவது?

ஆகவே, அன்பான ஆபீஸ் நண்பர்களே! சாம்பாரைத் தாராளமாகத் திட்டுங்கள். அது நம் பிறப்புரிமை. ஆனால் டீம் லஞ்ச், மாட்ச், மழை, மாமியார் ஊரிலிருந்து வருகை, எதுவாக இருந்தாலும் முதல் நாள் மத்தியானம் 3 மணிக்குள் கேன்டீனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கிரைண்டர் ஓடுவதற்கு முன்னால்.

'இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?' என்கிறீர்களா? இன்று ராத்திரி 9.30-க்கு வீட்டுக்குப் போய், 'நான் வெளியே சாப்பிட்டுட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள். பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று அங்கே தெளிவாக விளக்குவார்கள்!