ஆம்பூர்ல ஆள் எத்தனை?

ஆம்பூர்னு சொன்னதும் உங்க மனசு நேரா பிரியாணி அண்டாவுக்குள்ள குதிச்சிருக்குமே! சீரக சம்பா, கத்திரிக்காய் தொக்கு... ஓகே, ஓகே, எச்சிலை முழுங்கிட்டு இப்படி வாங்க பாஸ். இன்னிக்கு நாம சாப்பிடப் போறதில்ல. தலை எண்ணப் போறோம்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி ஆம்பூர் நகராட்சியில் 1,14,608 பேர். 2001-ல் இது ஒரு லட்சத்தைத் தொடவே இல்லை. க்விஸ்ல கேட்டா சொல்லி கைதட்டல் வாங்கிடலாம். ஆனா, ஒரு வேலை நாள் காலையில ஆம்பூர் ரோட்டுல நின்னு பார்த்தா இந்த நம்பர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஏன்னு தெரியணும்னா, ஊரோட கதையைக் கொஞ்சம் புரட்டணும்.

நவாப் விழுந்த ஊர்

ஸ்கூல்ல கர்நாடகப் போர்னு படிச்சுட்டு மறந்திருப்பீங்க. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் சண்டையில உயிரை விட்டது இந்த ஆம்பூர்லதான். எதிர்ல சந்தா சாகிப், முசாபர் ஜங், கூடவே பிரெஞ்சுப் படை. 1767-ல் ஹைதர் அலியோட படையும் வந்து ஆம்பூர் கோட்டையை முற்றுகை போட்டுச்சு.

ஏன் எல்லாரும் இங்கேயே மோதுனாங்க? மேப்பை எடுத்துப் பாருங்க. மைசூர்ப் பக்கத்து மேட்டுநிலத்துலேர்ந்து சமவெளிக்கு இறங்குற வழி இது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பாலாறு. 1856-ல் ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடின தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, அடுத்த சில வருஷங்கள்ல இந்த வழியாத்தான் மேற்கே நீண்டது. படை வந்த பாதையில பார்சல் போக ஆரம்பிச்சது!

ஆவாரம்பட்டை டு குரோம்

தோல் கழுவ பாலாத்துத் தண்ணி, பதப்படுத்த ஆவாரம்பட்டை, சரக்கை மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்ப ரயில். தோல் தொழிலுக்கு வேற என்ன வேணும்? முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள் தொழிலை வளர்த்தாங்க. தோலைச் சுமந்து, சுண்ணாம்புல ஊறவெச்சு, முடி நீக்கின கைகள்ல பெரும்பாலும் தலித் மக்களோடது. தமிழும் உருதும் ஒரே டீக்கடையில கலந்து கேக்குற ஊர் இப்படித்தான் உருவாச்சு. அந்தப் பட்டைத் தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’னு பேரு. 2008-ல் புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு.

1970-கள்ல மத்திய அரசு, பாதி பதப்படுத்தின தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டுச்சு. ‘தோலை அனுப்பாதே, ஷூவா அனுப்பு’ங்கிறதுதான் திட்டம். வேகமா வேலை முடியுற குரோம் முறையும் பரவுச்சு. ஷூ கம்பெனிகள் முளைச்சுது. தையல் மிஷின் முன்னாடி பெண்கள் உட்கார்ந்தாங்க.

பகல் ஆம்பூர், ராத்திரி ஆம்பூர்

அந்தக் காலை நேர ரோட்டுக்கு இப்ப வருவோம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்கள்லேர்ந்து கம்பெனி வேன், பஸ், ரயில்னு கும்பல் கும்பலா வந்து இறங்குறாங்க. டிபன் பாக்ஸும் கையுமா பாதிக்கு மேல அக்காக்கள். சாயங்காலம் திரும்பிடுவாங்க. கணக்கெடுப்பு உங்களை எண்ணுறது நீங்க குடியிருக்குற வீட்டுல. வேலை செய்யுற இடத்துல இல்லை. ஆக, 1,14,608-ங்கிறது ராத்திரி ஆம்பூர். பகல் ஆம்பூர் அதைவிடப் பெருசு.

‘அதனால என்ன?’னு கேக்குறீங்களா? நகராட்சிக்கு நிதி பிரிக்கும்போது மக்கள்தொகைதான் முக்கியமான அளவுகோல். பகல்ல வர்றவங்களுக்கும் தண்ணி வேணும், டாய்லெட் வேணும், பஸ் ஸ்டாண்டுல நிக்க நிழல் வேணும். அந்த ஒத்தை நம்பர்ல இவங்க இல்லையே!

எண்ணப்படாத கிணறு

இன்னொரு கணக்கு இன்னும் கசப்பானது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 30 முதல் 40 லிட்டர் தண்ணி ஆகும். உப்பும் குரோமியமும் கலந்த கழிவா அது வெளியே வந்து, பாலாத்துலயும் கிணத்துலயும் இறங்கிச்சு. தோல் பகுதிகள்ல கிட்டத்தட்ட 35 ஆயிரம் ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பாதியாவோ பாழாச்சுன்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்புலயே பதிவாகியிருக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு அது.

என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணுவோமே, ‘மாசு பண்ணினவரே பணம் கட்டணும்’னு? அந்தக் கொள்கையை இந்தியச் சட்டத்துல உறுதியா ஊன்றின தீர்ப்புகள்ல இது முக்கியமானது. நம்ம பக்கத்து ஊர்க் கிணறுதான் அந்த ரெண்டு மார்க்! 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு நஷ்டஈடு கணக்கிடப்பட்டது. ஆனா, பாக்கியைக் கொடுங்கன்னு 2025 ஜனவரி 30-லயும் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்துச்சு.

சிக்கல் எங்கேன்னா, ஒரே வீட்டுல அம்மாவோட சம்பளம் ஷூ கம்பெனியிலேர்ந்து வருது, அப்பாவோட கிணத்துல உப்புத்தண்ணி ஊறுது. கம்பெனியை மூடுன்னும் சொல்ல முடியாது, கிணத்தை மறன்னும் சொல்ல முடியாது. கழிவுநீரை முழுசா சுத்தம் பண்ணி, அந்த உப்பையும் பாதுகாப்பா என்ன செய்யுறதுங்கிறதுதான் கேள்வி. கெமிக்கல், சிவில் படிக்கிற மக்களே, ப்ராஜெக்டுக்கு டாபிக் இல்லைன்னு இனிமே புலம்பாதீங்க!

2011-ல் வேலூர் மாவட்டத்துல எண்ணப்பட்ட ஆம்பூர், 2019 நவம்பர் 28-லேர்ந்து திருப்பத்தூர் மாவட்டத்துல இருக்கு. அடுத்த கணக்கெடுப்போட குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதுக்கு முன்னாடி நீங்க உங்க ஊர் நம்பரைத் தேடி எடுங்க. பக்கத்துலயே மூணு கேள்வி எழுதுங்க: பகல்ல இங்கே எத்தனை பேர்? வேலைக்காக எத்தனை பேர் வெளியே போறாங்க? குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது? பதில் தேடி நாலு வீட்டுக் கதவைத் தட்டினீங்கன்னா, உங்க ஊர் வரலாற்றோட முதல் அத்தியாயம் ரெடி!