கூடை நிறைந்த தக்காளி

கொல்லையில் பத்துத் தக்காளிச் செடி வைத்த இல்லங்களில் மாசி மாதம் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வரும். போன வாரம்வரை காயாக நின்றவை இன்று கூடை கூடையாய்ச் சிவந்து நிற்கின்றன. ஆணத்திற்கும் ரசத்திற்கும் போக மீந்ததை என்ன செய்வது?

சகோதரிகளே! இதே தக்காளிக்காக நாம் ஏங்கிய நாள்களும் உண்டு. 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைக் கடந்தபோது, நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசே ஏற்பாடு செய்ய நேர்ந்தது. மாசியில் குப்பைக்குப் போகும் பழம்தான் ஆனி, ஆடியில் அரும்பொருளாகிவிடுகிறது.

முற்றும் சிவக்கும்வரை செடியிலேயே விட்டுவைக்காதீர்கள். காயின் அடியில் இளஞ்சிவப்புத் தோன்றியதுமே பறித்துவிட்டால், வீட்டிற்குள் சிறிது சிறிதாகப் பழுக்கும். அணிலுக்கும் பறவைக்கும் பறிகொடுப்பதும் குறையும். பறித்தவற்றைக் காம்புப் பக்கம் கீழாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நிழலில் பரப்புங்கள். வெயிலில் வைத்தால் நன்றாகச் சிவக்கும் என்பது தவறான எண்ணம். வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டினால் சிவப்பு நிறமி சரிவர உருவாவதில்லை. அரைப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைப்பதும் ஆகாது, மணம் கெட்டுவிடும். வாழைப்பழச் சீப்பைத் தள்ளியே வையுங்கள். அதிலிருந்து எழும் எத்திலீன் வாயு தக்காளியை விரைந்து பழுக்கவைக்கும்.

அண்டை வீடுகளுக்குக் கொடுப்பதாயின் பழம் கெட்டியாக இருக்கும்போதே கொடுத்தனுப்புங்கள். நைந்த பிறகு நீட்டுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

மீந்ததற்குத் தொக்கே நம் வீடுகளுக்கு ஏற்ற வழி. நல்லெண்ணெயைத் தாராளமாய் ஊற்றி, புளி, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்து, நீர் முற்றும் வற்றி எண்ணெய் பிரியும்வரை கிளறவேண்டும். பொறுமையின்றி இறக்கினால் பூஞ்சணம் பூத்துவிடும். அலுமினியச் சட்டி வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும். ஆறியதும் ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வத்தல் போடுவோர், தக்காளியில் 100க்கு 94 பங்கு நீர் என்பதை அறிந்து போடுங்கள். ஒரு கிலோ காய்ந்தால் ஒரு கைப்பிடிதான் தேறும்!

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தக்காளிச் சாற்றைக் கொதிக்கவைத்துப் புட்டியில் இறுக அடைத்து, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க ஆசைப்படாதீர்கள். நன்கு கனிந்த பழத்தில் புளிப்புக் குறையும். அப்போது காற்றுப் புகாத புட்டிக்குள் பொட்டுலினம் என்னும் கிருமி வளர இடமுண்டு. நிறமும் மணமும் மாறாமலே உயிர்கொல்லும் நஞ்சு கலந்திருக்கலாம். விழுதாக வேண்டுவோர், ஒரு சமையலுக்கு ஒன்று என்ற அளவில் சிறு டப்பாக்களில் நிரப்பி உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பத்துச் செடியையும் ஒரே நாளில் நடாதீர்கள். மூன்று வாரத்திற்கு ஒருமுறை மூன்று நான்காக நட்டால், பழமும் அவ்வாறே தவணை முறையில் வரும்.