உங்களுக்குத் தெரியுமா? குரு இல்லை, பாடுபவரே எல்லாம்

மும்பையை அடுத்த கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரவேல் யூதர்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் ரபி எனும் குருவே கிடையாது. தொழுகையைப் பாடி நடத்தும் ஹஸ்ஸான்தான் கல்யாணத்தையும் முடித்துவைத்தார்!

● 19ஆம் நூற்றாண்டில் இவர்களுக்கு ஹஸ்ஸான்களாகவும் ஆசிரியர்களாகவும் கொச்சி யூதர்கள் கடல்வழி வந்தார்கள்.

● ஹஸ்ஸான் தனக்காகப் பாடுவதில்லை. சபையின் தூதர் அவர். மன்றாட்டு வாசிக்கத் தெரியாதவர் அவர் பாடக் கேட்டு ‘ஆமென்’ சொன்னாலே போதும், கடமை தீர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரைக் கைவிடாத ஏற்பாடு.

● அந்தக் கொச்சி யூதர்களின் ஊரில், 1568இல் எழுந்த மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடத்தில் வாசிப்பு மேடை இரண்டு. ஒன்று நடுக்கூடத்தில், பித்தளைக் கிராதியோடு. மற்றது மாடியில், பெண்கள் பகுதிக்கு முன்னால். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோரா எனும் வேத வாசிப்பு அங்கிருந்துதான் நடந்தது. இந்த மாடி மேடை கேரளத் தொழுகைக்கூடங்களுக்கே உரியது.

● கொச்சி யூதப் பெண்களும் சளைத்தவர்களல்லர். கல்யாண வீடுகளில் ஆண்கள் முன்னிலையிலேயே மலையாளத்தில் பாடினார்கள். பல யூதச் சமூகங்களில் இதற்கு அனுமதியில்லை.

● திருகோணமலை வாசகர்களுக்கு ஓதுவார் நினைவு வந்திருக்கும். சம்பந்தர் பாடிய தலமாயிற்றே கோணேசர் கோயில்! ஆனால் ஒரு வேறுபாடு: இங்கே குருக்கள் பூசை செய்ய, ஓதுவார் பஞ்சபுராணம் பாடுவார். நாதஸ்வரமும் தவிலும் வேறு முழங்கும். மரபுவழித் தொழுகைக்கூடத்திலோ ஓய்வுநாளில் எந்த வாத்தியமும் இல்லை. ஹஸ்ஸானின் தொண்டை ஒன்றுதான்.