ஓடைப் பூச்சிகள் அழிந்தால் இலைகள் மட்குவதும் தடைபடும்: பூச்சிக்கொல்லிகளின் மறைமுக பாதிப்பு

பயிர்களைக் காக்கத் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகள் மழைநீருடன் கலந்து ஓடைகளை அடையும்போது, அங்குள்ள பூச்சிகளுடன் சேர்த்து, உதிர்ந்த இலைகள் மட்கும் இயற்கைச் செயல்முறையையும் பாதிக்கின்றன.

மரநிழல் அடர்ந்த மலை ஓடைகளில் சூரிய ஒளி குறைவு என்பதால் பாசி அதிகம் வளர்வதில்லை. கரையோர மரங்களிலிருந்து விழும் இலைகளே அங்கு வாழும் உயிரினங்களின் முதன்மையான உணவு. நீரில் விழும் இலையை முதலில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மென்மையாக்குகின்றன. பின்னர் கல் ஈ, காடிஸ் ஈ போன்றவற்றின் இளம்பருவப் பூச்சிகள் அதைக் கடித்துத் துண்டாக்குகின்றன. அவ்வாறு உருவாகும் நுண்துகள்கள் நீரோட்டத்துடன் சென்று, கீழ்ப்பகுதியில் உள்ள பிற பூச்சிகளுக்கு உணவாகின்றன. அப்பூச்சிகளை மீன்கள் உண்கின்றன.

இந்தச் சங்கிலியில் பூச்சிகளின் பங்கை அறிய, அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் உள்ள கொவீட்டா ஆய்வு வனத்தில், ஜே. புரூஸ் வாலஸ் தலைமையிலான விஞ்ஞானிகள் 1980-ஆம் ஆண்டு ஒரு சிற்றோடையில் மெத்தாக்சிகுளோர் என்ற பூச்சிக்கொல்லியைச் செலுத்தினர். பூச்சிகள் பெருமளவில் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டன. இலைகள் மட்கும் வேகமும், கீழ்நோக்கிச் செல்லும் நுண்துகள்களின் அளவும் வெகுவாகக் குறைந்தன. நுண்ணுயிரிகளால் மட்டும் இப்பணியை ஈடுசெய்ய இயலவில்லை.

மெத்தாக்சிகுளோர், 2023-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனினும், இந்தியாவில் நெல், பருத்தி உள்ளிட்ட பயிர்களுக்குப் பயன்படுத்தப்படும் இமிடாகுளோபிரிட் போன்ற புதிய பூச்சிக்கொல்லிகளும் ஓடைப் பூச்சிகளுக்கு நச்சானவை. இம்மருந்து செலுத்தப்பட்ட மரங்களின் இலைகளைக் கொண்டு கனடாவில் நடத்தப்பட்ட சோதனைகளில், உயிரைப் பறிக்காத குறைந்த அளவிலேயே பூச்சிகள் இலைகளை உண்பது குறைந்தது. அதாவது, ஓடையில் பூச்சிகள் உயிருடன் காணப்படுவதை மட்டும் வைத்து, பாதிப்பு இல்லை என்று கூறிவிட முடியாது. மீன்களுக்குத் தீங்கு செய்யாத அளவும் பூச்சிகளைப் பாதிக்கக்கூடும்.

பாதிக்கப்பட்ட ஓடைகள் மீள்வதும் உண்டு. அருகிலுள்ள மாசற்ற ஓடைகளிலிருந்து பறந்து வரும் முதிர்ந்த பூச்சிகள் அங்கு மீண்டும் முட்டையிடுகின்றன. ஒரு பகுதியின் ஓடைகள் அனைத்தும் ஒருசேர மாசடைந்தால் இந்த வாய்ப்பு குறையும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் நீரோடைகளுக்கும் இது பொருந்தும்.

ஓடைக் கரைகளில் மரம், புல் அடர்ந்த பகுதியை விட்டுவைத்தல், மழைக்கு முன்பு மருந்து தெளிப்பதைத் தவிர்த்தல், தெளிப்பான்களை ஓடையில் கழுவாதிருத்தல் ஆகியவை பாதிப்பைக் குறைக்கும் எளிய வழிகள்.