வேர்க்குருவுக்கு எண்ணெய் வேண்டாம்

பிசான அறுப்பு முடிந்து, வைக்கோலைப் படப்பு போட்டு, உளுந்தும் எள்ளும் பார்க்கிற நேரத்தில் பாளையங்கோட்டை வெக்கை ஆரம்பமாகிவிடும். கத்திரி பிறக்கும் முன்பே 40 டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு. அப்போது நம்ம வீடுகளில் கேட்கிற முதல் புகார் பயிரைப் பற்றியது இல்லை, முதுகைப் பற்றியது. "எம்மா, முதுகெல்லாம் ஊசி குத்துத மாதிரி இருக்கு, கொஞ்சம் தேங்காண்ணெ தேச்சி விடும்மா" என்பார்கள். வீட்டில் உள்ளவர்களும் அன்பாகத் தேய்த்துவிடுவார்கள். ராத்திரி அரிப்பு கூடத்தான் செய்யும்.

ஏன் கூடுகிறது என்பதை நம்ம பாளையங்கால்வாயை வைத்தே புரிந்துகொள்ளலாம். மடையில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் மேலேயிருந்து வருகிற தண்ணீர் நிற்பதில்லை. வரப்புக்குள் கசிந்து, கரையை ஊறவைத்து, பக்கத்தில் பிய்த்துக்கொண்டு போகும். தோலிலும் இதேதான் நடக்கிறது. நம் உடம்பில் 20 லட்சத்துக்கும் மேல் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் தோலின் மேல்பரப்புக்கு வருகிறது. நாள் முழுக்க வேர்வையில் ஊறினால் மேல்தோல் உப்பி, உதிர்ந்த தோலும் அழுக்கும் சேர்ந்து குழாயின் வாயை மூடிவிடும். உள்ளே வேர்வை ஊறிக்கொண்டே இருக்கும். வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே கசியும். அந்தக் கசிவுதான் சிவப்பாகத் தடித்து, ஊசி குத்துகிற மாதிரி அரிக்கிறது. அது 'உடம்புக்குள் இருக்கிற சூடு வெளியே வருது' என்பது இல்லை. சூடு வெளியே போகிற வழி அடைபட்டிருக்கு என்பதுதான் சேதி.

அடைபட்ட மடையின் மேல் எண்ணெயைப் பூசினால் என்ன ஆகும்? இன்னொரு மூடி போட்ட மாதிரி. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின், கெட்டியான களிம்பு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். தேங்காய் எண்ணெயைக் குறை சொல்லவில்லை. மார்கழியில் தோல் வறண்டு அரிக்கும்போது அதைவிட நல்லது கிடையாது. வறட்சி அரிப்புக்கு எண்ணெய், வேர்வை அரிப்புக்குக் காத்து. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான் வேர்க்குரு வாரக்கணக்கில் நிற்கிறது. எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவதும் நம்ம ஊர் வழக்கம். சில்லென்று இருக்கும், உண்மைதான். ஆனால் கைக்குழந்தைகளுக்கு இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், வாயில் போனால் வலிப்பே வரலாம்.

அப்போ செய்ய வேண்டியது என்ன? முதல் வேலை வேர்ப்பதை நிறுத்துவது. சட்டையைக் கழற்றிவிட்டு வேப்ப மர நிழலிலோ மின்விசிறிக்கு அடியிலோ முதுகு காய உட்காருங்கள். புது வேர்வை சேராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான வேர்க்குரு சில நாட்களில் தானாக அமுங்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பச்சைத்தண்ணீரில் குளிக்கலாம். சோப்பு ஒரு வேளைக்குப் போதும். அதற்குப் பதில் பாசிப்பயறு மாவு நல்லது, ஆனால் பூசிக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். பீர்க்கங்கூட்டை இந்த நாட்களில் பரணில் போட்டுவிடுங்கள். துவட்டும்போதும் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். கிடைக்கிற இடத்தில் ஆற்றுக் குளியல் சுகம்தான். ஆனால் சொறிந்து புண்ணாகிப் போன தோலோடு ஊருக்குக் கீழ்ப்பக்கம் தாமிரபரணியில் இறங்க வேண்டாம். நகரத்துச் சாக்கடை அதில் கலப்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

குளித்த பிறகு மேலுக்கு எதாவது போட்டால்தான் நிம்மதி என்பவர்களுக்கு நம்ம பக்கத்துச் சரக்கே போதும். நுங்குக்குள் இருக்கிற தண்ணீரை வேர்க்குரு மேல் தடவுவது பழைய வழக்கம். குளிர்ச்சி உண்டு, எண்ணெய் இல்லை, அதனால் நல்ல வழக்கம். கால் மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனிப்புப் பிசுக்கு ஒட்டும், எறும்பும் வரும். பதநீரைத் தடவ வேண்டாம், அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அது குடிக்கத்தான். சந்தனக்கட்டை வீட்டில் இருந்தால் உரசித் தண்ணியாகப் பூசி, காய்ந்து வெடிக்கும் முன் கழுவுங்கள். அப்பிவிட்டு அப்படியே படுத்தால் அதுவும் மூடிதான். வெட்டிவேரை ராத்திரி ஊறப் போட்ட தண்ணீரையோ, வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரையோ கடைசிச் செம்பாக ஊற்றிக்கொள்ளலாம். அரிப்பு தாங்கவில்லை என்றால் ஈரத்துணியை மடித்து ஐந்து பத்து நிமிடம் வைத்து எடுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலமைன் லோஷன் கேளுங்கள். ரோஸ் நிறத்தில் இருக்கும், தோலை உலர்த்தி அரிப்பை அடக்கும். பவுடரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கழுத்து மடிப்பில் வேர்வையோடு சேர்ந்து அது களியாகிவிடுகிறது. பிள்ளைகளுக்குப் போடும்போது பறக்கிற தூள் மூச்சுக்குள் போகும்.

துணி விஷயம் மருந்தைவிடப் பெரிசு. களையெடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவது சுணையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கத்தான். அந்தச் சட்டை டெரிகாட்டன் என்றால் உள்ளே வேர்வை அவியும். வெளுத்துத் தேய்ந்த பருத்திச் சட்டையாக, இரண்டு அளவு பெரிதாக இருக்கட்டும். வீட்டில் போடுகிற பாலியஸ்டர் நைட்டிக்கும் இதே பேச்சுதான். குழந்தையைத் தொட்டிலில் போடும்போது பழைய பருத்திச் சேலை போதும், மேலே துண்டு போட்டுச் சுற்ற வேண்டாம். வேலையைக் காலை வெயில் ஏறுமுன் முடித்து, 11 மணியிலிருந்து 3 மணிவரை நிழலில் இருக்க முடிந்தால் பாதி வேர்க்குரு வரவே வராது. கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த வசதியை நிலக்காரர்தான் செய்து தர வேண்டும். இயற்கை விவசாயி என்று பலகை வைத்திருக்கிற நாமே மத்தியானம் 1 மணிக்கு ஆள் விட்டால் எப்படி?

மாம்பழம் தின்றால் வேர்க்குரு வரும் என்பார்கள். மாம்பழக் காலமும் வேர்க்குருக் காலமும் ஒன்றாக வருவதால் வந்த பேச்சு அது. தாராளமாகத் தின்னலாம். ஆனால் காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பீச்சுகிற மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்து கறுக்கும். உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அரிப்பு எல்லாமே வேர்க்குரு இல்லை. சூடடித்த அன்றோ வைக்கோல் சுமந்த அன்றோ வருகிறது சுணை அரிப்பு. குளித்து, உடுத்திய துணியை மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். பார்த்தீனியம் பிடுங்கியவர்களுக்குக் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று தடித்து வரும். காற்றில் வருகிற தூளே போதும். அடுத்த முறை பூக்கும் முன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள். ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த வேலைக்கே போக வேண்டாம்.

தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து படர்கிறது என்றால் அது படர்தாமரை, பூஞ்சணம். நம்ம ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ட்யூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சணம் சாகாமல் உள்ளே பரவும். இன்றைக்கு நம் நாட்டில் படர்தாமரை லேசில் போகாமல் அடம்பிடிப்பதற்கு இந்த ட்யூப்களும் ஒரு காரணம். வண்டுகொல்லி என்கிற சீமையகத்தி இலையை இதற்கு அரைத்துப் போடுவது பழைய வைத்தியம், சித்தத்தில் சீமையகத்திக் களிம்பு என்று மருந்தே உண்டு. புதிதாக, சின்னதாக வந்ததற்கு அதைப் பார்க்கலாம். பரவியதற்கு மருத்துவர்தான்.

விரல் இடுக்கில், மணிக்கட்டில், ராத்திரியில் மட்டும் பிடுங்குகிற அரிப்பு, அதுவும் வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தால், சொறிப்பூச்சி. குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போட்டால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும், ஆனால் பூச்சியையும் முட்டையையும் அதை நம்பி விட முடியாது. அரசு மருத்துவமனையில் தருகிற பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க, வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. வயலுக்கு வேண்டாம் என்று நாம் சொல்கிற பூச்சிமருந்துக் குடும்பம்தான் இது. இருந்தாலும் இந்த இடத்தில் கொள்கை பார்த்தால் பிள்ளைகள்தான் தூக்கம் கெடும்.

நம்ம கரைசல்களும் சும்மா இல்லை. இயற்கை என்பதால் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று வெறும் முதுகோடு தெளிக்கிறவர்கள் உண்டு. ஐந்திலைக் கரைசலுக்கு எருக்கு ஒடிக்கும்போது வருகிற பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசல் பட்ட எரிச்சலைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கையில் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் இறங்கும். எண்ணெய்க்கு வேலை உள்ள இடம் அது. வேர்க்குரு வெடித்துப் புண்ணாக இருக்கிற நாட்களில் தெளிப்பு வேலையை வேறு ஒருத்தர் பார்க்கட்டும்.

இனி மருத்துவமனைக்குப் போக வேண்டிய கட்டம். குருவில் சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், அக்குளிலோ தொடையிலோ நெறி கட்டினால், ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் அமுங்காவிட்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அதோடு சேர்ந்த மருத்துவமனையும் இருக்கின்றன. பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சீழுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, அரிக்காத வேர்க்குரு. வருஷா வருஷம் வந்து வந்து, அடைப்பு ஆழத்துக்குப் போய்விட்டால் தோல் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடாக நிற்கும், அரிப்பு இருக்காது. குணமாகிவிட்டது என்று நினைப்போம். அந்த இடம் வேர்க்காது. வேர்க்காத உடம்பு வெயிலில் ஆறாது. இப்படி உள்ளவர்கள் கத்திரியில் வேலைக்குப் போனால் தலை சுற்றி விழுவது சீக்கிரம் நடக்கும். அரைமணிக்கு ஒரு தடவை நீராகாரமோ உப்புப் போட்ட நீர்மோரோ குடிக்க வேண்டும். மோர் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்துகொள்ளுங்கள். ஒருத்தர் வெயிலில் பேச்சு குழறி, உடம்பு அனலாகக் கொதித்தால், வேர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, பம்ப் செட் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குக் கூப்பிடுங்கள். நினைவு தெளியும்வரை வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.